ஒன்றுமில்லாத பக்கம்

"நான் படத்தை இடம் வலமாத் திருப்பித்தானே குடுத்தேன் மேடம், அதை நீங்க மறுபடியும்—"

"திருப்புனது எனக்கு எப்படிக்கா தெரியும்? படத்துல ஒரு அம்புக்குறியாவது—"

"போட்டேன்! கீழ மூலையில கிழக்குன்னு எழுதி அம்புக்குறி போட்டேன். உங்க பிரிண்டர் ஓரத்தை முழுங்கிட்டுன்னா நான் என்ன—"

"முழுங்கிட்டுன்னா பேனாவால போடணும்லா? வெறும் படத்தைக் கொண்டாந்து வச்சா எல்லாரும் பாக்க மாதிரிதான் நானும் பாப்பேன்!"

"பாத்தீங்கல்லா? பாத்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீங்க அழுதிருவீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது ஈவாஞ்சலினின் காதிலேயே விழுந்தது. இயற்பியல் துறையின் இரண்டாம் மாடி அறையில் மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்பதால் கல்லூரியில் வகுப்பு இல்லை. வெளியே மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கியது. ஜன்னல் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக் கிரேன்கள் தூசிக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. உமாராணி மேசைமேல் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ஈவாஞ்சலினுக்குத் தோன்றியது.

ஏட்டின்படி ஈவாஞ்சலின் வழிகாட்டி, உமாராணி ஆய்வு மாணவி. வயதின்படி வழிகாட்டிக்கு முப்பத்தெட்டு, மாணவிக்கு நாற்பத்து மூன்று. ஈவாஞ்சலின் நாசரேத்துக்காரி, படித்து முடித்து, இந்தக் கல்லூரியிலேயே வேலைக்கு அமர்ந்தவள். உமாராணி ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர், சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வந்து ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். ஈவாஞ்சலின் அவளை 'அக்கா' என்பாள், அவள் ஈவாஞ்சலினை 'மேடம்' என்பாள். பல்கலைக்கழகத்தில் உமாராணியின் பதிவு செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. மூன்று முறை நீட்டித்தாயிற்று. நாலாவது கிடையாது என்று முத்திரை குத்திய கடிதமே வந்துவிட்டது. அதற்குள் கடைசி அத்தியாயம் எழுதியாக வேண்டும். அந்த அத்தியாயத்துக்கு வேண்டிய ஒரு மணி நேரத்துப் பார்வை இன்றைக்குத்தான் நடக்கப்போகிறது. சண்டை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு கூட்டல் குறியைப் பற்றியது.

விருச்சிகத்தின் தலைமாட்டில், நானூறு ஒளியாண்டுக்கு அப்பால், தூசி மூட்டத்துக்குள் மூன்று விண்மீன்கள் பிறந்து கிடக்கின்றன. இரண்டு பெரியவை, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஒளிப்பொட்டாகத் தெரியும். மூன்றாவது சின்னது, மங்கல், சற்றுத் தள்ளி இருக்கிறது. உமாராணி தன் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு இதை ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே விளக்கியிருந்தாள்.

"மூணும் கைப்பிள்ளைங்க. ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு தட்டு கிடக்கு. தட்டுல இருக்க தூசியையும் வாயுவையும் தின்னுதான் வளருது. திங்க முடியாததை மேலயும் கீழயும் பீச்சி அடிக்கும்."

"நம்ம சின்னவன் பால் கக்குன மாதிரியா?"

"அப்படியேதான். நேரா கக்கணும். ஆனா ஒரு பீச்சல் மட்டும் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுது. அது யாரு கக்குனதுன்னுதான் சண்டை. எல்லாரும் பெரியவங்க ரெண்டு பேரைச் சொல்லுதாவ. நான் சின்னதுங்கேன். பெரியவங்க இழுக்க இழுப்புல அதோட தட்டு தள்ளாடுற பம்பரம் மாதிரி ஆடுது. தட்டு ஆடினா கக்குறதும் வளையும்லா?"

"அப்ப கிட்டப் போயி பாத்திர வேண்டியதுதானே?" என்று தங்கதுரை கேட்டுவிட்டு ரசத்துக்குக் கையை ஏந்தினார்.

கிட்டப் போய்ப் பார்க்கத்தான் சிலி நாட்டு மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியைக் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். உலகம் முழுக்க இருந்து எத்தனையோ பேர் கேட்கிற இடம். கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரம். கல்லூரி வாசலில் ஈவாஞ்சலின் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். உமாராணியின் படம் கட்டவில்லை. தாளாளர் வந்து பொன்னாடை போர்த்தினார். அந்த மலைக்கு யாரும் போக வேண்டியதில்லை. எங்கே, எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அங்கிருப்பவர்கள் ஏதாவது ஓர் இரவில் எழுதினது எழுதினபடி பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

எழுதிக் கொடுத்ததில்தான் வினை.

அந்தக் கருவியின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் கடுகளவு வானம்தான் தெரியும். காற்றின் நடுக்கத்தைச் சரிக்கட்ட அது முதலில் பளிச்சென்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் நடுவிலிருக்கும் பெரியவர்களைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நான்கு விகலை, அதாவது ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல, கிழக்கே நகரச் சொல்ல வேண்டும். அங்கேதான் சின்னது. கிழக்கென்றால் கூட்டல். மேற்கென்றால் கழித்தல்.

தரையின் வரைபடத்தில் கிழக்கு வலது பக்கம் இருக்கும். வானத்தின் படத்தில் கிழக்கு இடது பக்கம் இருக்கும். மல்லாந்து படுத்துப் பார்க்கிற படம் அது. முதல் வருஷம் உமாராணி இந்தக் குறியை மாற்றி எழுதினாள். மூன்றாம் வருஷமும் எழுதினாள். அந்தத் தடவை துறை முழுக்க உட்கார்ந்திருந்த கருத்தரங்கில் ஈவாஞ்சலின் எழுந்து, "ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்கா" என்று சொல்லிவிட்டாள். உமாராணி கழிப்பறைக்குப் போய் அரைமணி நேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு உமாராணி தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். தூத்துக்குடிக் கரையில் கடல் எந்தப் பக்கமோ அதுதான் கிழக்கு. வகுப்பில் சுவரில் மாட்டியிருக்கும் மாவட்டப் படத்தில் கடல் வலது பக்கம் நீலமாகக் கிடக்கும். வானத்துப் படத்தையும் அதே போலக் கணினியில் இடம் வலமாகத் திருப்பிவிட்டால், கடல் வலது பக்கம் வந்துவிடும், தப்பே வராது. திருப்பினாள். சின்னது வலது பக்கம் வந்தது. கிழக்கு. கூட்டல் குறி போட்டாள். சரியான குறி. பெரிய தொலைநோக்கிக்கு எழுதிய தாளிலும் அதே படம், அதே குறி.

அந்தத் தாள் ஈவாஞ்சலினின் மேசைக்கு வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். சின்னது வலது பக்கம் நின்றது. வானத்துப் படத்தில் வலது என்றால் மேற்கு. தாளில் கூட்டல் குறி. 'பாவம், மறுபடியும்' என்று நினைத்தாள். இந்தத் தடவை சொல்லிக்காட்டக் கூடாது என்று முடிவெடுத்தாள். உமாராணிக்குத் தெரியாமல் கூட்டலைக் கழித்தலாக்கி, பொத்தானை அமுக்கி அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் பிரார்த்தனை செய்யும்போது தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாகவே நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரில் ஒருத்தி கவனமில்லாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

இன்று காலை ஏழு மணிக்கு மின்னஞ்சல் வந்தது: 'உங்கள் பார்வை இன்றிரவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.' அங்கே இரவென்றால் இங்கே பகல். உமாராணி ஒரு பெட்டி மக்ரூனோடு வந்து இறங்கினாள். இருவரும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்ததைத் திறந்து பார்த்தார்கள். "என்ன மேடம் மைனஸ் போட்டிருக்கு?" என்று உமாராணி கேட்டாள். அப்போது மணி ஒன்பது நாற்பது.

"சரி, சண்டை பிறவு போடலாம்கா," என்றாள் ஈவாஞ்சலின். "இப்ப மாத்தணும்."

"மாத்துங்க. மாத்துங்க சட்டுனு."

பக்கத்தைத் திறந்தாள். திருத்தும் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அமுக்கினாள். இன்னொரு முறை அமுக்கினாள். 'இன்றிரவுப் பட்டியலில் உள்ளவற்றைத் திருத்த இயலாது. உதவிக்கு அலுவலக நேரத்தில் தொடர்புகொள்ளவும்.'

"அலுவலக நேரம்னா?"

"அங்க காலைல ஒம்பது மணி."

"நமக்கு?"

"சாயங்காலம் ஆறரை."

"அதுக்குள்ள பாத்து முடிச்சிருவாவளே!"

"ம்."

"வேண்டாம்னு சொல்லிருங்க மேடம். இன்னைக்குப் பாக்க வேண்டாம், இன்னொரு நாள் பாருங்கன்னு—"

"அதுக்கும் அந்தப் பொத்தான்தான்கா."

ஈவாஞ்சலின் மின்னஞ்சல் எழுதினாள். 'அவசரம்' என்பதை இரண்டு தடவை அடித்தாள். அனுப்பிய கணத்தில் பதில் வந்தது. இருவரும் பாய்ந்து படித்தார்கள். அது இயந்திரம் அனுப்பிய பதில். 'உங்கள் செய்தி கிடைத்தது. அலுவலக நேரத்தில்...'

"கிளைட்டனைக் கூப்பிடுதேன்," என்றாள் ஈவாஞ்சலின்.

கிளைட்டன் சாத்தான்குளத்துக்காரன், அவளோடு எம்.எஸ்சி. படித்தவன், இப்போது ஜெர்மனியில் இதே வேலையில் இருக்கிறான். அவனுக்கு அங்கே விடிகாலை. ஒலிபெருக்கியில் போட்டாள். நாலாவது மணியோசையில் எடுத்தான்.

"ஏளா ஈவா, என்ன விடியக்காலம்? ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லடே. குறியை மாத்திப் போட்டுட்டேன்."

"எதுல?"

"பெரிய ஸ்டார்ல இருந்து நகருற கணக்குல. கிழக்குக்குப் பதிலா மேக்க போட்டுட்டேன்."

அவன் சிரித்தான். "நாசரேத்துக்காரிக்குத் திசை தெரியலன்னா நான் யாருகிட்ட சொல்லி அழ? மாத்திட்டுப் போ. இதுக்கா என்னை எழுப்புன?"

"இன்னைக்கு லிஸ்ட்ல இருக்குடே. இப்ப. இந்த ராத்திரி."

சிரிப்பு நின்றது. "அட கர்த்தாவே."

"மலையில யாரையாவது தெரியுமா?"

"ஒருத்தனத் தெரியும். ஆனா அவன் பகல் ஷிப்ட்டு. இப்ப தூங்கிட்டிருப்பான். அங்க தூங்கும்போது போனை அணைச்சிருவானுவ, ஜன்னலுக்குக்கூட கறுப்புத் திரை போட்டிருப்பாவ. கண்ட்ரோல் ரூம் நம்பரை வெளியாளுக்குக் குடுக்க மாட்டாவ. செய்தி போட்டு வைக்கேன், கூப்பிட்டும் பாக்கேன். வேற ஒண்ணும்..." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த மேக்கு பக்கம் என்ன இருக்கு? ஏதாவது இருந்தா அதை வச்சு ஒரு பேப்பராவது—"

"ஒண்ணுமில்லடே."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

போனை வைத்த பிறகு உமாராணி கேட்டாள்: "இன்னொரு நாள் கேட்டா குடுக்க மாட்டாவளா, மேடம்? நம்ம தப்புன்னு சொல்லி?"

"நம்ம தப்புன்னாத்தான் குடுக்க மாட்டாவக்கா. அவங்க தப்புன்னா குடுப்பாவ. அதோட வார ஒண்ணாந்தேதி அந்தக் கருவியைக் கழத்திப் பழுது பாக்கப் போறாவ. மாட்டும்போது விருச்சிகம் சூரியனுக்குப் பின்னால போயிரும். பிறவு மார்ச்லதான்."

"மார்ச்," என்றாள் உமாராணி. செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எத்தனை மாதம் என்று அவள் விரலை மடக்கவில்லை.

உதவியாளர் அற்புதமணி டீத் தட்டோடு உள்ளே வந்தாள். இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறவள். பேராசிரியர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை.

"என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்கீங்க? காலைலதானே மக்ரூன் குடுத்தீங்க?"

ஈவாஞ்சலின் சுருக்கமாகச் சொன்னாள். அற்புதமணிக்கு எவ்வளவு புரிந்ததோ, தட்டை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப அங்க மழை வந்தா?"

"என்னது?"

"மழை வந்தா பாக்க முடியாதுல்லா? மழை வரட்டும்னு ஜெபம் பண்ணுங்க."

ஈவாஞ்சலின் நிமிர்ந்தாள். அந்த மலையில் மழை பெய்வதில்லை. பாலைவனம். ஆனால் மேகம் வரலாம். காற்று அடிக்கலாம். காற்றின் வேகம் நொடிக்குப் பதினெட்டு மீட்டரைத் தாண்டினால் கூரையை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் இன்றைய பட்டியல் நாளைக்குப் போகும். நாளைக்குள் திருத்திவிடலாம். மலையின் வானிலைப் பக்கத்தைத் திறந்தாள்.

"பன்னெண்டு," என்றாள்.

"ஏறுதா, இறங்குதா?" உமாராணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏறுது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால ஒம்பதுல இருந்திருக்கு."

"முருகா, ஏத்து."

மூன்று பெண்களும் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும். பதின்மூன்று. பதினாலு. வெளியே கச்சான் ஒரு ஜன்னலைப் படாரென்று அறைந்தது.

"இங்க அடிக்க காத்துல பாதி அங்க அடிக்கப்படாதா," என்றாள் அற்புதமணி. "உமா டீச்சர், உங்க அப்பா முள்ளக்காட்டு உப்பளத்துலதானே இருந்தாரு? உப்பளத்துக்காரர் மக மழையும் மேகமும் வேணும்னு சாமியைக் கேக்குறதை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"எங்க அப்பா இருந்தா அடிச்சே கொன்னிருவாரு," என்றாள் உமாராணி. காலையிலிருந்து முதல்முறையாக அவள் வாயோரம் லேசாக இழுபட்டது. "மேகத்தைக் கண்டா மண்ணை அள்ளித் தூத்துவாரு."

பதினைந்து.

"கர்த்தர் கேட்டுட்டாரு பாருங்க!"

"முருகன்."

"ரெண்டு பேரும் சேந்து வரட்டும், நமக்கென்ன."

பதினாறு. பதினாறே முக்கால். ஈவாஞ்சலின் இரண்டு கையையும் கோத்துப் பிடித்திருந்தாள். ஒரு தொலைநோக்கி மூடட்டும் என்று கேட்டு வாழ்க்கையில் அவள் ஜெபித்ததில்லை. அந்த மலையில் இன்னும் எத்தனையோ பேருடைய இரவும் இதோடு போகும். யாரோ ஒருத்தி எந்த ஊரிலோ மேகம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இருந்தாலும் கேட்டாள். பதினேழு.

"இன்னும் ஒண்ணு," என்றாள் உமாராணி. "ஒண்ணே ஒண்ணு."

பதினேழு. பதினேழு. பதினாறு. பதினாலு. பதினொன்று. ஏறியதைவிட வேகமாக இறங்கியது. அதற்குப் பிறகு காற்று நின்றே போனது போல எண் ஆறில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அற்புதமணி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு, "சுட வச்சுக் கொண்டாரேன்" என்று எழுந்து போனாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பட்டியலில் அவர்களுடைய வரி பச்சையானது. 'பார்வை தொடங்கியது.'

"தொடங்கிட்டு," என்றாள் ஈவாஞ்சலின்.

"நிறுத்த முடியாதுல்லா?"

"முடியாதுக்கா."

ஐந்து நிமிஷத்தில், தொலைநோக்கி சரியான இடத்துக்கு வந்துவிட்டதற்குச் சாட்சியாக எடுக்கும் சின்னப் படம் ஒன்று பக்கத்தில் வந்து விழுந்தது. நடுவில் பெரியவர்கள். உமாராணி இத்தனை வருஷமும் பார்த்தது பழைய படங்களில் ஊறிப்போன ஒரே பொட்டு. இதில் அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் மயிரிழை போல இருட்டுக்கோடு தெரிந்தது. படத்தின் வலது பக்கம் ஒரு வெள்ளைக் கட்டம். கருவி பார்த்துக்கொண்டிருக்கும் இடம். கட்டத்துக்குள் ஒன்றுமில்லை. வெறும் கறுப்பு.

இடது ஓரத்தில், கட்டத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், படத்தின் விளிம்பை ஒட்டி, மங்கலாக ஒரு புள்ளி.

உமாராணி எழுந்து கணினித் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். விரலை வைத்தாள்.

"இந்தா நிக்கி மேடம்."

"ம்."

"இங்கனதான் நிக்கி. இவ்வளவு தெளிவா... தட்டு கூடத் தெரியுது பாருங்க, இந்தா, சாஞ்சு கிடக்குல்லா? நான் சொன்ன மாதிரியே சாஞ்சு கிடக்குல்லா?"

ஈவாஞ்சலின் பார்த்தாள். புள்ளியைச் சுற்றி ஒரு கீற்று இருந்தது போலத்தான் இருந்தது. அது தட்டா, திரையின் தூசியா என்று சொல்ல முடியாது. இந்தச் சின்னப் படத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. வாயுவின் வேகம் இதில் கிடையாது. அதற்காகத்தான் அந்தக் கட்டம். அந்தக் கட்டம் எதிர்ப்பக்கத்தில் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாஞ்சுதான் இருக்குக்கா," என்றாள்.

"கொஞ்சம் இப்படித் திரும்பினா போதும்." உமாராணி திரைமேல் விரலை வலமிருந்து இடமாக நகர்த்தினாள். அதட்டினால் கேட்கிற பிள்ளையிடம் சொல்வது போல இன்னொரு தடவை நகர்த்தினாள். "இவ்வளவுதான் தூரம். இந்த நகத்தளவு."

ஒரு மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று ஈவாஞ்சலினுக்கு அதுவரை தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தை வாங்க இரண்டு வருஷம் எழுதினார்கள். அதில் எத்தனை நிமிஷம், எத்தனை நொடி, ஒரு நொடியைக்கூட வீணாக்கக் கூடாதென்று கணக்குப் போட்டார்கள். இப்போது எப்போது முடியும் என்றிருந்தது. உமாராணி உட்காரவில்லை. திரை முன்னாலேயே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு லீவு போட்டிருக்காரு மேடம். ஹார்பர்ல லாஞ்சுப் படகு ஓட்டுற வேலை, லீவு கேட்டா மூஞ்சியைத் தூக்குவாவ. 'உன் சின்னப்பிள்ளை படம் வார நாளு, நான் சோறு பொங்குதேன்'னுட்டாரு."

ஈவாஞ்சலின் தலை குனிந்துகொண்டாள்.

"எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாவ. ஆறு வருஷமா. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிப்பாவ. நானும் சிரிப்பேன். அக்டோபர் ஒண்ணாந்தேதிக்குப் பிறவும் அப்படித்தான் கூப்பிடுவாவ, பாருங்க. அதுதான் மேடம்..."

பதினொன்றே காலுக்குக் கிளைட்டன் கூப்பிட்டான். ஈவாஞ்சலின் பாய்ந்து எடுத்தாள்.

"ஏளா, அவன் எந்திச்சுட்டான்! தண்ணி குடிக்க எந்திச்சிருக்கான், என் செய்தியைப் பாத்துட்டான். கண்ட்ரோல் ரூமுக்குப் பேசிட்டான்."

உமாராணி ஈவாஞ்சலினின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"என்ன சொன்னாவ?"

"அது... வந்து. எழுதிக் குடுத்தபடிதான் செய்வோம்னுட்டாவ. ஒண்ணுமில்லாத இடத்தைப் பாக்கச் சொல்லி வேணும்னே கேக்குற ஆளுங்களும் உண்டாம். அதுனால அவங்களுக்கு வித்தியாசமாத் தெரியலியாம். எழுதினவங்க அலுவலகம் வழியா வந்து சொல்லணும், மூணாவது ஆளு சொல்லி நகத்த முடியாதாம். நடுவுல நிறுத்தினாலும் நேரம் உங்க பேர்லதான் கழியும். நான் கெஞ்சிப் பாத்தேன் ஈவா. அவனும் கெஞ்சியிருக்கான்."

"சரிடே."

"அந்தப் பொம்பள பக்கத்துல இருக்காவளா? உன் ஸ்டூடண்டு?"

"இருக்காவ."

"நான் என்ன சொல்லன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்லாத. வை."

தோளிலிருந்து கை மெல்ல இறங்கியது. அற்புதமணி சுடவைத்த டீயோடு வாசல்வரை வந்தாள். முகங்களைப் பார்த்துவிட்டு, தட்டை அலமாரிமேல் வைத்து, ஓசைப்படாமல் திரும்பிப் போனாள்.

பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு வரி நீலமானது. 'பார்வை நிறைவுற்றது. தரம்: மிகச் சிறப்பு.' கீழே அந்த மலையில் இரவுவேலை பார்த்த யாரோ ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இந்த மாதத்திலேயே இவ்வளவு அசைவற்ற காற்று இன்றுதான். வாழ்த்துகள்.'

உமாராணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யூனிவர்சிட்டிக்கு நான் எழுதுதேன்கா," என்றாள் ஈவாஞ்சலின். வேகமாகப் பேசினாள், நிறுத்தினால் அறை அமைதியாகிவிடும் என்று பயந்தவள் போல. "தப்பு என்னோடதுன்னு எழுதுதேன். கையெழுத்துப் போட்டு எழுதுதேன். நேர்ல போறேன். வைஸ் சான்ஸலரைப் பாக்கேன்."

"பாத்தா?"

"ஒரு ஆறு மாசம்..."

"நாலாவது கிடையாதுன்னு சீல் குத்திட்டாவல்லா. போன தடவை நீங்கதான் போனீங்க. அந்தக் கிளார்க்கு உங்களை மூணு மணி நேரம் நிக்க வச்சான்."

"பழைய படங்களை வச்சே அத்தியாயத்தை எழுதலாமா? கொஞ்சம் மென்மையா, 'இருக்கலாம்'னு..."

"அதுல சின்னது நிக்குற இடம்தான் தெரியும், அதோட தட்டு பெரியவங்க வெளிச்சத்துல மறைஞ்சு கிடக்கு. அதுனாலதானே மேடம் இதைக் கேட்டோம்? நீங்கதானே சொன்னீங்க, இது இல்லாம இந்தத் தீசிஸ் வெறும் கதைன்னு?"

சொன்னாள்தான். சிவப்பு மையால் ஓரத்தில் எழுதியும் கொடுத்தாள்.

"மார்ச்ல மறுபடியும் கேக்கலாம்கா. இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டா கட்டாயம் குடுப்பாவ. சின்னது நிக்குற இடம் இப்ப நல்லாத் தெரிஞ்சுட்டு. நான் எழுதுதேன். இந்தத் தடவை நானே—"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் நிற்கிறது என்று ஈவாஞ்சலினுக்குத் தெரிந்தது. விண்ணப்பம் போட ஒரு கல்லூரி வேண்டும், ஒரு பதவி வேண்டும். மார்ச்சில் இந்த அறையில் ஈவாஞ்சலின் இருப்பாள்; பதிவு முடிந்துபோன உமாராணி இருக்க மாட்டாள். இதே மேசை, இதே கணினி. வாசலில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒருவேளை அப்போதும் கிழியாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

உமாராணி கைப்பையைத் திறந்து பஸ் பாஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருப்பதால் பஸ் எல்லாம் சுற்றித்தான் போகும். இப்போதே கிளம்பினால்தான் உண்டு. கதவுவரை போனவள் திரும்பி, இன்னும் திரையில் நின்ற அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவளின் குரலாகத்தான் இருந்தது.

"மார்ச்ல கேளுங்க மேடம், குடுப்பாவ. அது சாஞ்சுதான் இருக்கும், நீங்க எழுதுவீங்க. அந்தப் பேப்பர்ல என் பேரை எங்கன போடுவீங்க?"